காக்கைக்குக் கொடுத்த வாக்கு

1

இந்த நாட்டுக்கு வந்து போன வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. சார் வீட்டில் கேக் வாங்கி வந்து, அதன் மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, என்னை ஊதச் சொன்னார்கள். பிறந்த நாளா என்று கேட்டேன். இல்லை, நீ வந்த நாள் என்றார் சார். நம் பக்கத்தில் விளக்கை வாயால் ஊதினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அதனால் கையால் விசிறி அணைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். இங்கே எதற்கும் கை தட்டுகிறார்கள்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் என் மாமா, நம்ம தணிகாசலம் லண்டனில் இருக்கிறான் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். லண்டன் இல்லை, ஸ்வீடன். மாமாவைப் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

சார் என்று நான் சொல்வது, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஆலைக்கு மெஷின் பூட்ட வந்த என்ஜினியரை. மூன்று வருஷம் அங்கே அவர் பங்களாவில் சமைத்தேன். இப்போது இங்கே அவர் வீட்டில் சமைக்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரையே நீ என்கிறது. சாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். உள்ளே நன்றாக வந்தது. கதவைத் திறந்ததும் மறுபடி சார் ஆகிவிட்டார்.

வந்த அன்றே, பெட்டியைக்கூட இறக்காமல், "ஏரி எங்கே?" என்று கேட்டேன். சார் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரே வெள்ளை. மைதானம் மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் நடந்து, "எங்கே சார்?" என்றேன்.

"அதன் மேல்தான் நிற்கிறாய்" என்றார்.

குதித்துக் கரைக்கு ஓடி வந்தேன். அந்த ஏரிக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். சமையல் இரண்டாவது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

அண்ணன் பெயர் ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். காலை ரயிலில் கம்பெனிக்குப் போகிற கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு போவான். இருட்டறையில் படம் கழுவுவது அவன் வேலை. முதலாளி இல்லாத நேரத்தில் படமும் எடுப்பான்.

அந்த ஸ்டுடியோவில் பின்னால் ஒரு திரை தொங்கும். திரையில் ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். வரைந்த ஆள் அன்னத்தைப் பார்த்ததே இல்லை என்பது பார்த்தாலே தெரியும். கழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும், உதட்டில் சிவப்புச் சாயம், கண்ணில் மை. கல்யாணம் ஆனவர்கள், முதல் சம்பளம் வாங்கிய கம்பெனிப் பசங்கள், எல்லாரும் அந்த அன்னத்துக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் சொல்வான்: "ஊர்ல கீறவன் எல்லாம் அன்னத்துக்கு முன்னாடி நின்னுட்டான்டா. அன்னம் மட்டும் இன்னும் போட்டோவுக்கு வந்து நிக்கல."

"பழவேற்காடு ஏரில கீதேண்ணா. செவப்பா, கூட்டமா."

"அது நாரைடா. காலப் பாரு, மூங்கிக் கழி. நான் சொல்றது அன்னம். யாரும் வளக்காதது. தானா வந்து ஏரில எறங்கணும், நான் ஒரு கிளிக் அடிக்கணும். அது போதும்டா எனக்கு."

நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம் ஆடியில் அவனுக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளான பிறகும் ஸ்டுடியோ லைட்டால் அப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனான். பிறகு ஒரு நாள் போகவில்லை. அப்புறம் இல்லை. இருபத்தாறு வயசு. அவன் சட்டையில் படம் கழுவுகிற மருந்து வாசனை அடிக்கும். ஒரு சட்டையை அம்மா துவைக்க விடவில்லை. அது இப்போது என் பெட்டியில் இருக்கிறது. வாசனை போய்விடும் என்று பெட்டியை அதிகம் திறப்பதில்லை.

காரியத்தன்று ஓட்டு மேல் சோறு வைத்தோம். காக்கா வந்து முகட்டில் உட்கார்ந்தது. சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, எடுக்கவில்லை. காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. எடுக்கவில்லை என்றால் போனவனுக்கு ஏதோ குறை. என்ன குறை என்று கேட்டு, தீர்த்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்து வழக்கம்தான், உங்களுக்குத் தெரியும்.

அம்மா முதலில் ஆரம்பித்தாள். "ஏகாம்பரம், உன் சைக்கிள யாருக்கும் தரமாட்டேன்டா. வா நைனா, சாப்டு."

காக்கா தலையைத் திருப்பிக்கொண்டது.

மாமா தொண்டையைக் கனைத்தார். "டேய் மாப்ள, உன் டிரான்சிஸ்டர நான்தான் எடுத்துக்கினு போனேன். சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து வச்சிடறேன். வாடா."

"அடப்பாவி! அத நான் ஊரெல்லாம் தேடிக்கினு கீறேன்" என்றாள் அம்மா. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள், அப்புறம் அழுதாள். காக்கா இரண்டு தத்து தத்தி மறுபடி உட்கார்ந்தது.

"இன்னும் ஏதோ கொற கீது. யாருனா வாயத் தொறங்கப்பா, வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் மாமா.

நான் முன்னால் போனேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. "அண்ணா, நெஜ அன்னத்தப் படம் புடிச்சி அம்மாகிட்ட குடுக்கறேண்ணா. நீ பாரு."

காக்கா இறங்கி வந்து சோற்றைத் தின்றது.

"நீ எங்கடா போயி அன்னத்தப் புடிப்ப?" என்றாள் அம்மா.

"அது துன்னு முடிக்கட்டும், அப்புறம் கேளு" என்றார் மாமா.

மறுநாள் பங்களாவில் சார் சம்சாரத்திடம் அன்னம் என்று நிஜமாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்வீடனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது, இலை உதிரும்போது வடக்கே இருந்து கூட்டமாக வந்து இறங்கும், தண்ணீர் உறைவதற்குள் போய்விடும் என்றார். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கூட வருகிறாயா என்று கேட்டார்கள். அம்மாவைக் கேட்பதற்கு முன்பே சரி என்றேன்.

3

வந்தது குளிர்காலத்தில். அன்னம் வருவது இலை உதிர்கிற காலத்தில். நடுவில் இருப்பதற்கு அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு போட்டோ. போட்டோவில் வலது காது தெரிய வேண்டும். முகம் எப்படி இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை, காதுதான் முக்கியம். ஸ்டுடியோவுக்குப் போனால், பின்னால் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். ஏரி இல்லை, மயில் இல்லை, ஒரு பூந்தொட்டி கூட இல்லை. அண்ணன் பார்த்திருந்தால், "இன்னாடா இது, பொணத்துக்குப் போத்தற மாதிரி" என்றிருப்பான்.

போலீஸ் ஆபீசில் ஒரு பெரிய மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று சார் எனக்கு வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். சமையல் வேலை என்று சொன்னால் போதும். அவர் நிமிர்ந்து பார்த்து, "எதற்காக இந்த நாட்டுக்கு வந்தாய்?" என்றார். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னத்தைப் படம் எடுக்க" என்றேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டார். மீசைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த அன்னம்? பூங்காவில் வளர்க்கிறதா, பறந்து வருகிறதா?"

"பறந்து வருகிறது."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து ஏரியை வரைய ஆரம்பித்தார். "அக்டோபர் பாதியில் போ. கிழக்குக் கரை. நாணலுக்குப் பின்னால். விடிகிற நேரம். நடந்து போகாதே, வயிற்றால் ஊர்ந்து போ. பெரிய சத்தம் போடாதே." பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் மணியைப் பார்த்தார்கள். அவர் ஒரு மரத்தைக்கூட விடாமல் வரைந்து முடித்துத்தான் சீட்டில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்து சார் சொன்னார்: "எனக்கு அவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கொடுத்ததே இல்லை."

4

சாருக்கு ஒரே மகள், காரின். பதின்மூன்று வயசு. கும்மிடிப்பூண்டியில் இருந்தபோது அவள் தமிழ் பேசுவதைக் கேட்க பால்காரம்மா வேலையை விட்டுவிட்டு நிற்பாள். "இன்னாபா, பேஜாரு பண்றே" என்று அவளுடைய அப்பாவையே சொல்வாள். அவருக்குப் புரியாது. நாங்கள் சமையல் அறையில் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இங்கே வந்ததும் அந்தத் தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தொலைத்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் பாஷையில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வந்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் காலையில், "நாஷ்டா ரெடி" என்று கூப்பிட்டேன். "நாஷ்டா என்றால் என்ன?" என்று கேட்டாள். மூன்று வருஷம் என் கையால் நாஷ்டா தின்ற பெண். அவளைக் குறை சொல்லி என்ன. எனக்கே சில நாள் முருங்கைக்காய் வாசனை ஞாபகத்துக்கு வர நேரம் ஆகிறது.

அக்டோபரில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத வராது. எதிர்வீட்டுச் சரசக்கா எழுதுவாள். அம்மா சொல்வதை அப்படியே எழுதுவாள், ஒரு எழுத்தைத் திருத்த மாட்டாள்.

"நைனா தணிகா, ஆடில உங்கண்ணன் வருஷத் திதிக்கு காக்கா எடுக்கலன்னு எழுதினேன் இல்ல. புரட்டாசி அமாவாசைக்கும் எடுக்கல. வந்து உக்காந்துக்கினு என்னயே பாக்குது. தம்பி போயிக்கிறான், எடுத்து அனுப்புவான், கொஞ்சம் பொறுடான்னேன். கேக்கல. பொழுது சாஞ்சி போச்சி. நான் மறுநா காலைலதான் துன்னேன். தை அமாவாசைக்கும் எடுக்கலன்னா நான் மறுநாவும் துன்ன மாட்டேன், பச்சத் தண்ணி தொட மாட்டேன். அவன் பட்டினி, நான் மட்டும் இன்னாத்துக்கு. சரசு, இத எழுதாத. நைனா, நீ ஒடம்பப் பாத்துக்க."

எழுதாதே என்றதையும் சரசக்கா எழுதியிருந்தாள். அம்மாவை எனக்குத் தெரியும். சொன்னால் செய்வாள்.

அன்று சாயங்காலம் காரினிடம் போனேன். அவளிடம் நல்ல கேமரா இருந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டோ கிளப், அங்கே இருட்டறையும் இருந்தது.

"உன் கேமரா வேணும்."

"எதற்கு?"

சொன்னேன். காக்கா, மாமாவின் டிரான்சிஸ்டர், அம்மா சாப்பிடாதது, எல்லாம். எனக்குத் தெரிந்த அவளுடைய பாஷையில் பாதி, தமிழில் பாதி. அவள் கேமராவை எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

"நானும் வருவேன். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை தோசை" என்றாள். தோசை மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

5

வந்துவிட்டன. பார்ப்பதற்கு முன் கேட்டேன். பழைய லாரியில் ரப்பர் பந்தை அமுக்கினால் வருமே, அந்த ஹாரன் சத்தம், ஏரி முழுக்க. நம் ஊர் வழியாக லாரி போகிற ஜி.என்.டி. ரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. மீசைக்காரர் சொன்னபடி நாணலுக்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்து போனோம். சேறு ஐஸ் மாதிரி இருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கினேன்.

அண்ணா, அது பெரிசு. திரையில் இருந்தது மாதிரி இல்லவே இல்லை. கழுத்து வளையவில்லை, கம்பம் மாதிரி நேராக நின்றது. உதட்டில் சிவப்பு இல்லை, மூக்கில் மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது. கண்ணில் மையும் இல்லை. கூட சாம்பல் நிறத்தில் குஞ்சுகள், அம்மா பின்னாலேயே. இவ்வளவு தூரம் பறந்து வந்த களைப்பு எதிலும் தெரியவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால், எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டன. அடியில் இருக்கிற பாசியைத் தின்கின்றன. வால் மட்டும் மேலே. காத்திருந்தேன். ஒன்று தலையைத் தூக்கினால் மற்றது கவிழ்ந்தது. முதல் ரோல் முழுக்க வால்தான்.

காரின் அதைக் கழுவிக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். "இதை உன் அம்மாவுக்கு அனுப்பு. காக்கா ஊரைவிட்டே ஓடிவிடும்."

அடுத்த தடவை போனது அமாவாசை அன்று. குளித்துவிட்டு, கொஞ்சம் சோறு வடித்து எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் வாழை இலை ஏது. முட்டைக்கோஸ் இலையில் வைத்தேன். படம் வந்தாலும் வராவிட்டாலும் அண்ணனுக்கு ஒரு வாய் வைக்கலாம் என்றுதான். நாணல் பக்கத்தில் இலையை வைத்துவிட்டுப் படுத்தேன். மறுபடி வால், வால், வால். இரண்டாவது ரோலும் முடியப் போகிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்து சரியாக நின்றது. அண்ணன் எப்போதும் அதைத்தான் சொல்வான், வெளிச்சம் முதுகில் இருக்கணும்டா என்று. எல்லாம் சரியாக இருந்தது. தலை மட்டும் இல்லை.

சோற்றைப் பார்த்தேன். காலையிலிருந்து அது அப்படியே கிடந்தது. பழக்க தோஷம், வாயைத் திறந்து கூப்பிட்டுவிட்டேன்.

"கா... கா... கா..."

காரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடாதே என்று மீசைக்காரர் சொன்னதை ஞாபகப்படுத்துவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மாறியது. பங்களாவின் பின்வாசலில் நான் தினமும் கூப்பிட்டது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவளும் ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாகக் கூப்பிட்டாள்.

"கா! கா! கா! வா வா வா!"

காக்கா வந்தது. இந்த ஊர்க் காக்கா வேறு மாதிரி. தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு மட்டும் சாம்பல் நிறம், பனியன் போட்ட மாதிரி. நேராக வந்து இலையில் உட்கார்ந்தது. ஏரியில் இருந்த அத்தனை அன்னமும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, யாரடா இது என்று எங்களைப் பார்த்தன.

விரல் மரத்துப்போயிருந்தது. அமுக்கினேன்.

அடுத்த நொடி எல்லாம் தண்ணீர் மேல் ஓட ஆரம்பித்தன. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கல்லில் துணி அடித்துத் துவைக்கிற சத்தம். பிறகு மேலே எழும்பி, தெற்குப் பக்கம் போய்விட்டன. ஏரி காலியாகிவிட்டது. காக்கா மட்டும் போகவில்லை. சோறு முழுவதையும் தின்று முடித்தது. அந்தக் காக்கா என்னிடம் எந்த வாக்கும் கேட்கவில்லை.

"படம் விழுந்ததா?" என்றாள் காரின்.

"தெரியல."

6

பள்ளிக்கூடத்து இருட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கதவைத் திறந்ததும் அந்த வாசனை. என் பெட்டியில் இருக்கிற சட்டையின் வாசனை. ஒரு சட்டை அளவு இல்லை, ஒரு அறை நிறைய. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன, நாற்றம் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள்.

"புடிச்சிக்கீது" என்றேன். நல்லவேளை, உள்ளே சிவப்பு விளக்கு. முகம் தெரியாது.

தட்டில் இருந்த மருந்தில் வெள்ளைக் காகிதத்தைப் போட்டு ஆட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நாணல் வந்தது. பிறகு ஒவ்வொரு கழுத்தாக வந்தது, எல்லாம் நேராக. ஓரத்தில் முட்டைக்கோஸ் இலையும் அதன் மேல் பனியன் போட்ட காக்காவும்.

ஒரு வால் கூட இல்லை.

அட்டை வைத்து உறைக்குள் போட்டுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு ஏரி உறைந்தது. தை மாதம் பிறந்தது. இங்கே தை என்று ஒன்று கிடையாது, நான்தான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அமாவாசை அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே அம்மா ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. கேக் வெட்டிய அன்றும் அதே நினைப்புதான்.

7

நேற்று கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"நைனா தணிகா, போட்டோ வந்துது. அமாவாசைக்கு மொத நாதான் வந்துது. நான் பாக்கல. மொதல்ல அவன் பாக்கட்டும்னு அப்பிடியே எடுத்து வச்சிட்டேன். சரசுதான் பாத்தா. (ஆமா தணிகா, நான் பாத்தேன். அந்த ஊரு காக்கா பனியன் போட்டுக்கினு கீது. இப்படிக்கு சரசு.) மறுநா ஓட்டு மேல சோறு வச்சி, பக்கத்துல போட்டோவ வச்சி, பறக்காம இருக்க ஒரு கல்லு வச்சேன். உன் மாமன் ஏணியப் புடிச்சிக்கினு இருந்தான். டேய் ஏகாம்பரம், தம்பி சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான், பாருடான்னேன்.

வந்துது நைனா. கல்ல மூக்கால தள்ளிச்சி. சோத்தத் தொடல. போட்டோவக் கவ்விக்கினு பறந்து போயி, ரயில் ரோட்டாண்ட புளிய மரம் கீது பாரு, அதுல உக்காந்துது. உன் மாமன் கல்லத் தூக்கிட்டான். அடிச்ச, கைய ஒடச்சிடுவேன்னேன். அவன் பொருள அவன் எடுத்துக்கினு போறான், உனுக்கு இன்னா? கொஞ்ச நேரம் கழிச்சி மரத்துல இருந்து வெறும் மூக்கோட திரும்பி வந்து, ஒரு பருக்க உடாம துன்னுச்சி. நானும் துன்னேன். ரெண்டு வாட்டி போட்டுக்கினேன். உன் மாமன் நாலு வாட்டி.

ஆனா நான் இன்னும் அந்தப் படத்தப் பாக்கல. அவன் எப்பவும் அப்பிடித்தான், எது வந்தாலும் முழுசா அவனுக்கு. எனக்குன்னு ஒண்ணு தனியா அனுப்பு நைனா."

கடிதத்தை எடுத்துக்கொண்டு காரினிடம் போனேன். அவள் சிநேகிதிகள் இரண்டு பேர் இருந்தார்கள். பரவாயில்லை என்று அங்கேயே நின்று சொன்னேன். இன்னொரு காப்பி வேண்டும், போன காப்பியை அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று.

சிநேகிதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரின் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, வார்த்தையைத் தேடித் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்:

"செரிபா. இந்த வாட்டி பெர்ஸா போடலாம். காக்கா தூக்க முட்யாத சைஸு."